நிற்கவைத்துப் பார்க்காத கால்: ஒரு நிகழ்வு ஆய்வு

தைல வாசனைதான் முதலில் உள்ளே வந்தது. அப்புறம்தான் அந்த அக்கா வந்தார். வயது 47. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் 14 வருடமாக வேலை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் கடையை விட்டு இறங்குவார். இடது கெண்டைக்காலில் இரண்டு வருடமாக வலி. கையில் எம்.ஆர்.ஐ. படம், கூடவே எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு: இடுப்பு முதுகெலும்பில் 4ஆவது, 5ஆவது எலும்புகளுக்கு நடுவே வட்டு (டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருக்கிறது, இயன்முறை சிகிச்சை தேவை.

நான் இயன்முறை மருத்துவர். இப்படிப்பட்ட சீட்டோடு வாரத்துக்குப் பத்துப் பேராவது வருவார்கள். இந்த அக்காவின் கதையை எழுதக் காரணம், முதல் மூன்று முறை அவர் வந்தபோது நான் செய்தது தவறு என்பதுதான். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் மூன்று நாள்

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "குத்துற வலி இல்ல டாக்டர், கடுப்பு. சாயங்காலம் ஆனா கால்ல கல்லக் கட்டிவிட்ட மாதிரி கனக்குது. ராத்திரி திடீர்னு கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கும்." காலையில் எழும்போது வலி 10க்கு 2. கடை மூடும் நேரத்தில் 6, பண்டிகைக் காலத்தில் 8.

விடை இந்தப் பேச்சிலேயே இருந்தது. இடுப்பில் நரம்பு நசுங்கி வரும் வலி பெரும்பாலும் பின்தொடையிலிருந்து கோடு போட்டதுபோல இறங்கும். குனிந்தால், இருமினால், வெகுநேரம் உட்கார்ந்தால் கூடும். இவருக்கோ உட்கார்ந்தால் குறைந்தது, காலைத் தூக்கி வைத்தால் இன்னும் குறைந்தது. மல்லாந்து படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனையிலும் ஒன்றுமில்லை. முதுகுவலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்கள் பலருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் வட்டுப் பிதுக்கம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் படம் ஒன்று கையில் வந்துவிட்டால் காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது.

குப்புறப் படுக்க வைத்தேன். சேலை முழங்கால் மடிப்பு வரை விலகியிருந்தது. கெண்டைச் சதை இறுகித்தான் இருந்தது. கட்டைவிரலால் ஆழமாக அழுத்தி, கால் மணி நேரம் பிசைந்துவிட்டேன். முதுகுக்குச் சில பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தவர், "இன்னைக்குத்தான் கால் என் கால் மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் மாலையே வலி திரும்பிவிட்டது என்று அடுத்த முறை வந்து சொன்னார். திரும்பவும் பிசைந்தேன். மூன்றாவது முறையும் அதேதான்.

கொலுசுத் திருகு

நான்காவது முறை வந்தபோது வேறொரு நோயாளி கட்டிலில் இருந்தார். காத்திருந்த நேரத்தில் இந்த அக்கா இடது காலை ஸ்டூலில் ஊன்றி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொலுசைத் தளர்த்தப் பார்த்தார். வலது கால் கொலுசு கணுக்காலில் தொளதொளவென்று ஆடியது. இடது கால் கொலுசை ஏற்கெனவே கடைசி வளையத்தில்தான் மாட்டியிருந்தார், அப்படியும் தோலில் பதிந்து, நகர்த்திய இடத்தில் மணிகளின் அச்சு வரிசையாக விழுந்திருந்தது. அதற்கு மேலே, உள் கணுக்காலைச் சுற்றி, தோல் பழுப்பேறிக் கறுத்துக் கிடந்தது. சொறிந்த கீறல்கள் வேறு. இன்னும் மேலே, முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக, சுண்டுவிரல் கனத்தில் நீலம் பாய்ந்த ஒரு நாளம் வளைந்து வளைந்து ஏறியது.

"என்னக்கா இது?"

"அதுவா? நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்கு. ரெண்டாவது பிள்ளை பெத்ததுல இருந்து இருக்கு டாக்டர். எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. அதுல வலியெல்லாம் இல்ல. வலி உள்ள, சதைக்குள்ள."

மூன்று நாளும் அந்தக் காலை என் கையில்தான் வைத்திருந்தேன். படுத்திருக்கும்போது அந்த நாளங்கள் வடிந்து சப்பையாகிவிடும், குப்புறப் படுத்தால் உள்பக்கம் கண்ணுக்கே வராது. சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். கால் சிரை நோய்களைத் தரம் பிரிக்க உலக அளவில் பயன்படும் சீப் (CEAP) வகைப்பாடு சுருள் சிரை, அதாவது வெரிகோஸ் வெயின், என்று எதைச் சொல்கிறது தெரியுமா? நிற்கும் நிலையில் அளக்கும்போது 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள, தோலுக்குக் கீழே ஓடும் சிரையை. நிற்கும் நிலை என்பது விளக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துப் பாஸ் பண்ணிய ஆள்தான் நானும்.

நரம்பு என்ற சொல்

இங்கே ஒரு சின்னச் சுற்று. நம் பேச்சில் நரம்பு என்பது இரண்டு பொருளுக்கு ஒரே சொல். உணர்வைக் கடத்துவதும் நரம்பு, தோலுக்கடியில் பச்சையாக ஓடும் ரத்தக் குழாயும் நரம்பு. ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்று செவிலியர்களே சொல்கிறார்கள். அதனால் வெரிகோஸ் வெயின் என்பது நரம்பு சுருட்டல், நரம்பு முடிச்சு என்று ஆகிவிட்டது. முடிச்சு என்றால் அவிழ்க்க வேண்டும், சுருட்டல் என்றால் நீவி நேராக்க வேண்டும் என்று கை தானாகப் போகிறது. போதாக்குறைக்கு, நரம்புத் தளர்ச்சிக்கு என்று விற்கும் சத்து மாத்திரையையும் தைலத்தையும் வாங்கிக்கொள்வார்கள். இந்த அக்காவும் அப்படி மூன்று வகை தைலம் வைத்திருந்தார். கறுத்த இடத்தில் அரிப்பு வந்ததும் அதிலேயே பச்சைக் கற்பூரம் கலந்த தைலத்தைத் தேய்த்து, அரிப்பைப் புண்ணாக்கும் எல்லைக்குக் கொண்டுபோயிருந்தார்.

பிரச்சினை உணர்வு நரம்பிலும் இல்லை, தசையிலும் இல்லை, சிரையின் உள்ளே இருக்கும் வால்வில் இருக்கிறது. காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு ஏற வேண்டும். அதை ஏற்றுவது முக்கியமாகக் கெண்டைச் சதை. நடக்கும்போது அது இறுகி ஆழத்துச் சிரைகளைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது. போன ரத்தம் கீழே வழியாமல் சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். ஆரோக்கியமான ஒருவர் நடக்க ஆரம்பித்ததும் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு அந்த அளவுக்கு இறங்காது. நாள் முழுக்க அந்த அழுத்தத்தில் நீரும் ரத்தச் சிவப்பணுக்களும் திசுவுக்குள் கசிகின்றன. நீர்தான் கொலுசை இறுக்கியது. சிவப்பணு சிதைந்து விட்ட இரும்புதான் கணுக்காலைக் கறுப்பாக்கியது.

இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நான் பாடம் எடுக்கவில்லை. 1628இல் வில்லியம் ஹார்வி தன் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய ஒரு விளையாட்டு இருக்கிறது, அதைச் செய்தேன். என் முன்கையில் புடைத்துத் தெரியும் ஒரு நாளத்தை மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி ரத்தத்தைத் தள்ளி, மேல் விரலை எடுத்தேன். நாளம் காலியாகவே இருந்தது, மேலிருந்து ரத்தம் திரும்பி வரவில்லை. கீழ் விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பியது. "கதவு இருக்கு பாருங்க" என்றேன். அப்புறம் அவரைப் படுக்க வைத்து இடது காலை உயர்த்தி, அந்த நாளம் வடிந்ததும் எழுந்து நிற்கச் சொன்னேன். தொடையிலிருந்து கீழ்நோக்கி, கண்முன்னால் சரசரவென்று நிரம்பியது. அக்கா கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நீங்க தேய்ச்சு ஏத்துனது அம்புட்டும் நான் நின்னதும் எறங்கிருது." என்னால் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

அளவுகள்

அன்றே முறையாகப் பார்த்தேன். உயரம் 154 செ.மீ., எடை 74 கிலோ. முழங்கால் கிண்ணத்துக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கிக் கெண்டையின் சுற்றளவு: வலது 36, இடது 37.5. பாதத்தில் நாடி இரண்டு பக்கமும் நன்றாகத் துடித்தது. இந்த நாடியைப் பார்க்காமல் யாருக்கும் அழுத்தக் காலுறை சொல்லக் கூடாது. தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்த காலில் இறுக்கமான உறையைப் போட்டால் வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்தியதாகிவிடும். சர்க்கரை நோயாளிகளிடமும் புகைபிடிப்பவர்களிடமும் இது நிஜமான ஆபத்து. வலியை வைத்தும் ஓரளவு பிரிக்கலாம்: தமனி வலி நடந்தால் வரும், நின்றால் போகும். சிரை வலி நின்றால் வரும், நடந்தால் பெரும்பாலும் தேவலாம் என்றிருக்கும்.

ரத்தநாள அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். நிற்க வைத்து எடுத்த, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், இடது தொடையில் தோலுக்கடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை 8 மி.மீ. விரிந்திருந்தது. ரத்தம் 2 விநாடிக்கும் மேல் பின்னோக்கி வழிந்தது. இந்தச் சிரையில் அரை விநாடிக்கு மேல் போனாலே வால்வு பழுது என்றுதான் கணக்கு. ஆழத்துச் சிரைகள் சுத்தமாக இருந்தன. தோல் நிறம் மாறி, அரிப்பும் வந்துவிட்டதால் சீப் வகைப்பாட்டில் சி4ஏ. நான்கைத் தாண்டினால் ஆறிய புண், ஆறாத புண்.

மருத்துவர் சிரையை உள்ளிருந்து சுட்டு மூடும் சிகிச்சையைச் சொன்னார். தீபாவளி முடியட்டும் என்றார் அக்கா. அதுவரை காலுறையும் பயிற்சியும்.

அப்படியென்றால் சுகமாக இருந்தது எப்படி?

என்னை உறுத்திய கேள்வி இது. மூன்று முறையும் அவருக்கு நிஜமாகவே வலி குறைந்தது. 6இலிருந்து 2. சும்மா என் மனசுக்காகச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

ஒரு சனிக்கிழமை மாலை, கடையிலிருந்து நேராக வரச் சொன்னேன். கையே வைக்காமல், கால் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி இரண்டு தலையணையை அடுக்கி, 20 நிமிடம் படுக்க வைத்தேன். வலி 6இலிருந்து 3. மறுவாரம் அதே நேரம், அதே 20 நிமிடம், பாதத்திலிருந்து தொடை நோக்கி லேசான நீவலும் சேர்த்து. 6இலிருந்து 2. ஒரே ஒருவரிடம் இரண்டு நாள் பார்த்ததை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் கைக்கு நான் கொடுத்துவந்த பெருமையில் முக்கால்வாசி அந்தக் கட்டிலுக்குச் சேர வேண்டியது என்பது எனக்கு விளங்கியது. மசாஜுக்கு வருபவர் முதலில் செய்வது படுப்பது, படுத்தாலே சிரை அழுத்தம் சரிகிறது. மீதியை, கீழிருந்து மேலே போகிற கை செய்கிறது: தேங்கிய நீரைக் கொஞ்சம் தள்ளுகிறது, தோலில் கிடைக்கும் இதமான தொடுகை வலியின் செய்தியை மங்கவைக்கிறது. சுகம் பொய்யல்ல. அடுத்த நாள் கடையில் போய் நிற்கும்வரை அது மெய்தான்.

அந்தச் சில மணி நேரச் சுகம்தான் இவர் டாப்ளர் எடுப்பதை இரண்டு வருடம் தள்ளிப்போட வைத்தது. எண்ணெய் தேய்த்தால் குறைகிறதே, அப்படியென்றால் சதை வலிதான் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

சென்னைக்குப் போய் வந்த வாரம்

ஐப்பசி முகூர்த்தம் ஒன்றுக்குச் சென்னை போய்விட்டு இரவுப் பேருந்தில் திரும்பினார். எட்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டபடி. காலுறையைப் பெட்டியில் வைத்திருந்தார், பட்டுச்சேலைக்குக் கீழே அது அசிங்கமாகத் தெரிகிறதாம். இறங்கும்போது கால் கட்டையாகிவிட்டது. நாத்தனார், தெருவில் சுளுக்கு வழித்துவிடும் பாட்டியைக் கூப்பிட்டு வந்தார். பாட்டி சுடுதண்ணீரில் ஒத்தடம் கொடுத்து, விளக்கெண்ணெய் தடவி, முடிச்சு முடிச்சாக இருந்த இடங்களைக் கட்டைவிரலால் நசுக்கி, முழங்காலிலிருந்து பாதம் நோக்கி வழித்துவிட்டிருக்கிறார். இரண்டு நாள், இரண்டு வேளை.

மூன்றாம் நாள் காலை எனக்குப் போன் வந்தது. "டாக்டர், நரம்பு கல்லாயிருச்சு."

வரச்சொல்லிப் பார்த்தபோது, உள் கெண்டையிலிருந்து முழங்காலைத் தாண்டித் தொடையின் பாதி வரை சிவந்து, தொட்டால் சுட்டது. தோலுக்கடியில் பென்சிலை வைத்துத் தைத்ததுபோல் விறைப்பு. கெண்டைச் சுற்றளவு 39.5, அதாவது வலதைவிட மூன்றரை செ.மீ. அதிகம். நான் அந்தக் காலை அதற்குமேல் தொடவில்லை. பாதத்தை மேலே மடக்கிக் கெண்டையில் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அதை வைத்து ஒன்றும் முடிவுக்கு வர முடியாது என்பதால் அதையும் செய்யவில்லை. மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு குத்துகிறதா, இருமலில் ரத்தம் உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். அன்றைக்கே டாப்ளர்.

சஃபீனஸ் சிரைக்குள் 14 செ.மீ. நீளத்துக்கு ரத்தம் உறைந்திருந்தது. உறைகட்டியின் மேல்நுனி, அந்தச் சிரை தொடை இடுக்கில் ஆழத்துச் சிரையோடு சேரும் இடத்திலிருந்து 9 செ.மீ. கீழே நின்றது. அந்தச் சந்திப்புக்கு 3 செ.மீ. அருகே வந்துவிட்டால் அதை ஆழ்சிரை உறைவாகவே எண்ணி முழு அளவு மருந்து கொடுப்பார்கள். ஆழத்தில் எதுவும் இல்லை. இப்படித் தோலை ஒட்டிய மேல்சிரையில் உறைவு வந்தவர்களில் கணிசமானோருக்கு ஆழத்திலும் சேர்ந்தே இருக்கும் என்பதால் அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் எல்லோரும் காத்திருந்தோம்.

மருத்துவர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஃபோன்டாபாரினக்ஸ் 2.5 மி.கி. ஊசி, தினம் ஒன்று, 45 நாள் எழுதினார். இது 2010இல் வெளியான கலிஸ்டோ ஆய்வின் அடிப்படையில் வந்த முறை. 3,002 நோயாளிகளைப் பார்த்த அந்த ஆய்வில், உறைவு பரவுதல், நுரையீரலுக்குப் போதல் போன்ற சிக்கல்கள் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 5.9 சதவீதம் பேருக்கும், மருந்து ஊசி போட்டவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் வந்தன. வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்ள அக்கா இரண்டே நாளில் பழகிவிட்டார். படுத்தே கிடக்க வேண்டாம், நட என்றுதான் மருத்துவர் சொன்னார். நீவல், ஒத்தடம், தைலம் மட்டும் கூடவே கூடாது.

பாட்டிதான் காரணமா?

வீட்டில் எல்லோரும் பாட்டியைத்தான் திட்டினார்கள். என்னால் அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. ரத்தம் உறைவதற்கு மூன்று வழிகள் என்று 19ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்ற ஜெர்மானிய மருத்துவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் கணக்கு இன்றைக்கும் நிற்கிறது: ஓட்டம் தேங்குவது, குழாயின் உள்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மைக்கு மாறுவது. சுருள் சிரையில் முதலாவது எப்போதும் உண்டு. எட்டு மணி நேரப் பேருந்து அதைக் கூட்டியிருக்கும். மெலிந்த சுவருள்ள சிரையைக் கட்டைவிரலால் நசுக்குவது இரண்டாவதுக்கு வழி. சுடு ஒத்தடம் சிரையை இன்னும் விரித்திருக்கும். முதல் நாள் கால் கட்டையாக இருந்ததே உறைவின் ஆரம்பமாகவும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் பாட்டியின் கை வந்தது அதற்கு அப்புறம்.

அந்தக் கடைசிச் சாத்தியம்தான் பயமானது. உறைந்த கட்டி உள்ளே இருக்கும்போது காலைப் பிசைந்தால் அது பிய்ந்து மேலே போகலாம். 2016இல் டெல்லியில் 23 வயது இளைஞர் ஒருவர் பேட்மிண்டன் ஆடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டு போட்டிருந்தார். கட்டுப் பிரித்த பிறகும் கால் வலித்ததால் அம்மா எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டார். ஆழ்சிரையில் இருந்த கட்டி நகர்ந்து நுரையீரல் தமனியை அடைத்து அவர் இறந்துபோனார். எய்ம்ஸ் மருத்துவர்கள் அதை 2017இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அந்த அம்மாவிடம் என்ன தவறு காண முடியும்? வலிக்கிற காலைப் பிடித்துவிடுவதைத்தவிர எந்தத் தாய்க்கு வேறு என்ன தோன்றும்?

பாட்டியிடம் கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. நான் மூன்று முறை செய்ததைத்தான் அவர் கொஞ்சம் பலமாக, திசை மாற்றிச் செய்தார். எண்ணெய் தேய்ப்பதை மொத்தமாகக் குறை சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்துவிடும் முறை, ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இவ்வளவு பிரித்து வைத்திருப்பதே ஆளுக்கும் நோய்க்கும் தக்கபடி கை மாற வேண்டும் என்பதால்தான். தெருமுனைக்கு வரும்போது முறுக்கலும் அழுத்தலும் மட்டும் மிஞ்சிவிடுகிறது. என் கிளினிக்கிலும் அந்த மூன்று நாள் அதுதான் நடந்தது.

சுட்டு மூடியது

45 நாள் கழித்து எடுத்த ஸ்கேனில் உறைவு பரவவில்லை, ஓரிடத்தில் வழி திறந்திருந்தது. மாசி மாதம் சிகிச்சைக்குப் போனார். ரேடியோ அலையால் சூடேற்றும் முறையில், சிரைக்குள் மெல்லிய கம்பிக்குழாயை ஏற்றி, 7 செ.மீ. துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் 20 விநாடி 120 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். சுற்றிலும் உப்புநீரோடு மரப்பு மருந்தைச் செலுத்தி வைப்பதால் சூடு வெளியே பரவாது. இவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. பழைய உறைவு தழும்பாகிப்போன இடத்தில் குழாய் ஏறவில்லை. அதனால் தொடையில் மேல்பகுதியை மட்டும் சுட்டு, கீழே இருந்த சுருளுக்கு, சிரையை மூடவைக்கும் நுரை மருந்தை ஊசியாகப் போட்டார்கள். உறைவு வராமல் முதலிலேயே போயிருந்தால் ஒரே வேலையாக முடிந்திருக்கும். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போனார்.

காலுறை பெரிய பாடு. மதுரை வெயிலில், பங்குனியில், 23 முதல் 32 மி.மீ. அழுத்தமுள்ள உறையைத் தொடைவரை ஏற்றுவது என்பதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும், இறங்கி நடமாடிவிட்டால் கால் நிரம்பிவிடும். வியர்வையில் உறை நகரவே நகராது. அதற்கு வழி கண்டுபிடித்தது அக்காதான். விரல்நுனி திறந்த உறை என்பதால், முதலில் பாதத்தில் கடையின் வழவழப்பான சேலை கவரை மாட்டிக்கொண்டு, அதன்மேல் உறையை வழுக்கி ஏற்றிவிட்டு, விரல் பக்கமாகக் கவரை உருவி எடுத்துவிடுவார். இப்போது என் மற்ற நோயாளிகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

பயிற்சியும் கடையிலேயே. சேலையை விரித்துக் காட்டும் ஒவ்வொரு முறையும் குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஒரு நாளைக்கு எத்தனை சேலை என்றால், "கல்யாண சீசன்ல எண்ணவே முடியாது" என்றார். கெண்டைச் சதைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

உட்காருவதுதான் நடக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 1947ஆம் வருடக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேரளம் 2018லேயே கொண்டுவந்தது. இவர் கடையிலும் ஸ்டூல் வந்துவிட்டது. "ஸ்டூல் இருக்கு டாக்டர். உக்காந்தா சூப்பர்வைசர் இங்கிட்டே பாப்பாரு." மருத்துவச் சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுத்தேன், மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்று. அதைக் கேஷ் கவுண்டரில் கொடுத்துவிட்டார். பலன் பாதிதான்.

இப்போது கணவர் பிடித்துவிடுகிறார்

நுரை ஊசி போட்ட இடமெல்லாம் ஆறி, மூன்றாம் மாத ஸ்கேனில் புதிதாக உறைவு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, அவரே கேட்டார்: "இனிமே காலத் தொடவே கூடாதா?" கேட்ட விதத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்கு யாராவது காலைப் பிடித்துவிடுவது வெறும் சிகிச்சை மட்டும் அல்ல.

கணவரை வரவழைத்துக் காட்டிக்கொடுத்தேன். கால் தலையணைமேல் உயர்ந்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் போதும், கற்பூரம் கலந்த எதுவும் வேண்டாம். உள்ளங்கையை முழுசாகப் பதித்து, பாதத்திலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தொடை. ஒரு குழந்தையின் முதுகைத் தடவும் அழுத்தம். நாளம் புடைத்த இடத்தில் விரல்நுனி வைக்கக் கூடாது, அதைச் சுற்றிப் போக வேண்டும். உள்ளங்காலை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம். என்றைக்காவது ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால், சிவந்தால், சுட்டால், அன்றைக்குக் கை வைக்காமல் மருத்துவமனை. மூச்சுத் திணறினால் 108. ஆட்டோ மெக்கானிக்கான அவர் கையை என் காலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் முறை ஸ்பேனர் பிடிப்பதுபோல் இருந்தது. நான்காவது முறையில் பிடிபட்டுவிட்டது.

உறைவு வந்ததிலிருந்து ஒன்பதாவது மாதம் அவர் வந்தபோது இடது கெண்டை 36.5. மாலை வலி 2. அரிப்பு போய்விட்டது, கறுப்பு அப்படியே இருக்கிறது; அது மங்க நாளாகும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம். இரவில் சதை இழுப்பது மாதத்துக்கு ஒருமுறை என்றார். கொலுசு இரண்டு வளையம் உள்ளே ஏறியிருந்தது.

இந்தமுறை அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்வதற்கு முன் ஜன்னல் பக்கமாக நிற்கவைத்து, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு காலையும் பார்த்தேன். வலது கெண்டையின் பின்பக்கம், முழங்கால் மடிப்புக்குக் கீழே, நான்கு விரற்கடை நீளத்துக்கு மெல்லிய நீலக்கோடு ஒன்று புடைத்துத் தெரிந்தது. வலி இல்லை. டாப்ளருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடி முடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.